காணாமல் போன குதிரைகள்

பின்சக்கரத்தைக் கையால் ஒரு சுண்டு சுண்டினார். அரைச் சுற்று போனது, சர்ரென்று உரசிக்கொண்டே நின்றுவிட்டது. மறுபடி சுண்டினார். மறுபடியும் அதே அரைச் சுற்று.

"உங்க குதிரைங்க எங்கியும் ஓடிப்போகலை சார். இங்கதான் கட்டிப் போட்டு வெச்சிருக்கீங்க" என்றார்.

சென்னைப் புறநகரில் ஒரு தகரக் கொட்டகை. நடுவில் தரையோடு தரையாக ஓர் எஃகு உருளை. அதன்மேல் ஏறி நின்றது என் 150 சிசி ஸ்போர்ட்ஸ் வண்டி. முன்சக்கரம் இடுக்கியில், இரண்டு பக்கமும் லாரியில் சரக்கு கட்டுகிற பட்டை வார். எதிரே ஆளுயர ஃபேன். டைனோ என்று செல்லமாக அழைக்கப்படும் டைனமோமீட்டர் இதுதான். வண்டி நகராமல் ஓடும், உருளை சுழலும், பக்கத்திலிருக்கும் கம்ப்யூட்டர் சக்கரத்தில் எத்தனை குதிரை வந்து சேர்கிறது என்று கோடு போட்டுக் காட்டும்.

நான் போனதென்னவோ வேறு காரியத்துக்கு. வாங்கிய புதிதில் ஈ.சி.ஆரில் 125-ஐ அலட்சியமாகத் தொட்ட வண்டி, சில மாதங்களாக 110-க்கே மூச்சு வாங்கியது. "ஒரு சிப் போடு, நாலு குதிரை கூடும்" என்றான் நண்பன். பர்ஸில் பணத்தோடு போய் நின்றேன். வந்த பணத்தை வாங்கிக்கொண்டு சிப்பை மாட்டி அனுப்பியிருக்கலாம். டைனோக்காரர் அதைச் செய்யவில்லை. "கூட்டுறது அப்புறம். முதல்ல இருக்கிறதை எண்ணுவோம்" என்றார்.

எண்ணினோம். கம்பெனி தாளில் பதினெட்டுச் சொச்சம். திரையில் பதினான்கு.

நாலு குதிரை கூட்டப் போனவனிடம் நாலு குதிரை குறைகிறது என்றால் எப்படி இருக்கும்?

ஒரு மூட்டை நெல்

குதிரைத்திறன் என்று பள்ளியில் படித்த சொல்லுக்கு நம்மூர்க் கணக்கு ஒன்று இருக்கிறது. ஷோரூம் தாளில் பி.எஸ். என்று போட்டிருக்கும் அளவின் இலக்கணம் இது: 75 கிலோ எடையை ஒரே நொடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கினால் ஒரு பி.எஸ். நம் களத்துமேட்டில் 75 கிலோ என்பது ஒரு மூட்டை நெல். ஆக, 18 பி.எஸ். வண்டி என்றால், கண்ணிமைக்கும் நேரத்தில் பதினெட்டு மூட்டையை இடுப்பளவுக்குத் தூக்கிவிடுகிற ஆள். பி.ஹெச்.பி. என்பது இதைவிட ஒன்றரை சதவீதம்கூடப் பெரிதல்லாத இன்னொரு மூட்டை. இரண்டையும் குழப்பிக்கொண்டு டீக்கடையில் சண்டை போடுகிறவர்கள் உண்டு. அந்தச் சண்டைக்குத் தகுதியான வித்தியாசம் அதில் இல்லை.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. எத்தனை மூட்டை என்று எல்லோரும் கேட்கிறோம். எந்த வேகத்தில் சுழலும்போது அத்தனை மூட்டை என்று யாரும் கேட்பதில்லை.

கவாசாகி நின்ஜா 300-ஐயும் ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி 650-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். நின்ஜா 296 சிசி, 39 பி.எஸ்., 179 கிலோ. ஜிடி 648 சிசி, 47 பி.எஸ்., இருநூறு கிலோவுக்கு மேல். எடைக்கு எத்தனை குதிரை என்று வகுத்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நிற்கும். ஆனால் ஓட்டிப் பார்த்தவர் யாரும் இரண்டையும் ஒன்று என்று சொல்லமாட்டார். நின்ஜாவின் 39 குதிரையும் லாயத்தை விட்டு வெளியே வர 11,000 ஆர்.பி.எம். ஆக வேண்டும். ஜிடி தன் 47-ஐயும் 7,250-லேயே கொட்டிவிடும்.

இதைக் கையிலேயே கணக்குப் போடலாம். டார்க் எனும் முறுக்குவிசை எத்தனை நியூட்டன் மீட்டரோ, அதை ஆர்.பி.எம்.மால் பெருக்கி 7,023-ஆல் வகுத்தால் பி.எஸ். வந்துவிடும். 2018-ல் அறிமுகமானபோது ஜிடி சொன்ன கணக்கு 5,250-ல் 52 நியூட்டன் மீட்டர். பெருக்கி வகுத்தால் 39 குதிரை. நின்ஜாவின் உச்ச டார்க் 26.1, அது கிடைப்பது 10,000-ல். கணக்கு 37. அதாவது ஒன்று சாவகாசமாக நடந்துகொண்டே தூக்குகிற சுமையை மற்றது மூச்சிரைக்க ஓடித்தான் தூக்குகிறது. மூச்சிரைப்பதில்தான் சுகம் என்பவர்களுக்கு நின்ஜா. நானும் அந்தக் கட்சிதான். ஆனால் அண்ணா சாலையில் மாலை ஆறரை மணிக்கு அந்தக் கட்சிக்கு ஓட்டு விழாது.

'அப்படியானால் டார்க்கைப் பார்த்தே வாங்கிவிடலாமே' என்று ஒரு கூட்டம் கிளம்பும். அதுவும் பாதி உண்மைதான். கியர் பெட்டி என்று ஒன்று நடுவில் இருக்கிறது. அதிகம் சுழலும் இன்ஜினுக்குப் பல்சக்கரத்தைக் குறுக்கி வைத்தால் சக்கரத்துக்குப் போகும் இழுவை பெருகிவிடும். யமஹா ஆர்15-ஐப் பாருங்கள். 155 சிசி, உச்ச டார்க் 14.2 நியூட்டன் மீட்டர், 7,500-ல். அங்கே கணக்குப்படி 15 குதிரை. அதற்குமேல் முறுக்கினால் டார்க் இறங்கத் தொடங்குகிறது, 10,000-ல் 13-க்கும் கீழே. ஆனாலும் குதிரை 18.4 ஆகிவிடுகிறது. ஒவ்வொரு இழுப்பும் சற்று மெலிந்தாலும் ஒரு நொடிக்குள் நடக்கும் இழுப்புகள் கூடிவிடுகின்றனவே! 7,400 வாக்கில் உள்ளே ஒரு சின்ன முள் நகர்ந்து, வால்வைத் தள்ளும் கேம் வேறொன்றாக மாறிக்கொள்கிறது. வி.வி.ஏ. என்று டேங்க்கருகே ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது அதற்குத்தான். கீழே ஒரு வண்டி, மேலே ஒரு வண்டி.

ஓசூரில் செய்யப்படும் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 இதை இன்னும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. 2020-ல் வந்த வண்டியில் டிராக், ஸ்போர்ட் மோடில் 34 பி.எஸ். அர்பன், ரெயின் மோடுக்குப் போனால் அதே இன்ஜின் 25.8 பி.எஸ். எட்டுக் குதிரை ஒரு பட்டனுக்குப் பின்னால் அடைபட்டுக் கிடக்கிறது. நகரத்துக்குள் அந்த எட்டு இல்லாமலே வண்டி சௌகரியமாக ஓடுகிறது என்பதுதான் வேடிக்கை.

உலகத்திலேயே பேர் பெற்ற வேக வண்டியிடம் போனாலும் இதே கதை. 1999-ல் சுஸுகி ஹயாபுசா வந்தபோது 1,298 சிசி, 175 பி.எஸ்., மணிக்கு 300-ஐத் தாண்டிய வேகம். ஜப்பானிய மொழியில் அது வல்லூறின் பெயர். கரும்பறவையை வேட்டையாடும் வல்லூறு, ஹோண்டாவிடம் அப்போது 'பிளாக்பேர்டு' என்றொரு வண்டி இருந்தது, மீதியை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். 2008-ல் 197 பி.எஸ். ஆனது. 2021-ல் புதுசு வந்தபோது 190! குறைத்துவிட்டார்களே என்று ரசிகர்கள் கொதித்தார்கள். உச்சியில் ஏழு குதிரையை விட்டுக்கொடுத்து, நாம் நிஜமாகவே புழங்கும் நடு ஆர்.பி.எம்.மில் இழுவையைக் கூட்டியிருந்தார்கள். தாளில் தோற்று, ரோட்டில் ஜெயித்தது.

சோழவரத்துக் கணக்கு

நம் பக்கம் இந்தக் குதிரைப் பைத்தியம் பழையது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதையில், சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் பந்தயம் நடந்த நாட்களிலிருந்தே அது உண்டு. 1990-ல் ஸ்ரீபெரும்புதூரை ஒட்டி இருங்காட்டுக்கோட்டையில் முறையான டிராக் வந்தது, ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். 2003-ல் கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீடுவே. சென்னையிலும் கோவையிலும் நல்ல ட்யூனர்கள் இத்தனை பேர் இருப்பதற்கு இந்த டிராக்குகளே காரணம் என்று நினைக்கிறேன். பந்தயம் நடக்கிற ஊரில்தான் பிளக்கின் நிறம் பார்க்கத் தெரிந்த கண் வளரும்.

சோழவரம் காலத்தின் ராஜா ராஜ்தூத் 350. ஜப்பானில் யமஹா ஆர்டி350 என்று 39 குதிரையோடு பிறந்து, 1983-ல் இந்தியாவுக்கு வந்தபோது 30.5 ஆகக் குறைக்கப்பட்டது. அதற்கு 'ஹை டார்க்' என்று பெயர். பிறகு 27 குதிரைக்கு இறக்கி 'லோ டார்க்'. மைலேஜ் கேட்கிற ஊருக்கு வேறு வழியில்லை. ஆனாலும் அது நம்மவர்களுக்கு ராட்சசன். போர்ட்டை அரத்தால் ராவி, சைலன்சரை மாற்றி, பறிபோன ஒன்பது குதிரையை மீட்டுவிடப் பாடுபட்ட ஒரு தலைமுறையே உண்டு. 

அதன் தம்பி ஆர்எக்ஸ் 100. 1985 முதல் 1996 வரை. 98 சிசி, 11 குதிரை, எடை சுமார் நூறு கிலோ. இன்றைக்கு இந்தக் கணக்கைச் சொன்னால் காலேஜ் பையன் சிரிப்பான். ஆனால் சிக்னலில் பச்சை விழுந்ததும் முதல் ஐம்பது மீட்டருக்கு அது என்ன செய்யும் என்று தெரிந்தவர்கள் சிரிப்பதில்லை. டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு, வண்டியோ சைக்கிளைப் போல லேசு.

கார்புரேட்டர் ட்யூனிங் என்ற கலையை நாங்கள் கற்றதும் அதில்தான். மெக்கானிக் அண்ணன் த்ராட்டில் பிடியில் துண்டு டேப் ஒட்டுவார், கால், அரை, முக்கால் என்று. "எங்க மிஸ்ஸிங் அடிக்குதுன்னு சொல்லு தம்பி. சும்மா ஓடலைன்னு சொல்லாத." கால் திறப்புக்குள் இடறினால் பைலட் ஜெட், ஏர் ஸ்க்ரூ. நடுவில் இழுக்கவில்லை என்றால் ஊசியின் கிளிப். முழுசாக முறுக்கியும் அடைத்துக்கொண்டால் மெயின் ஜெட். நோய் எந்த த்ராட்டிலில் என்று தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்தது. ஏர் ஸ்க்ரூவை மூடி, ஒன்றரைச் சுற்று வாக்கில் திறந்து, இன்ஜின் சீராகத் துடிக்கும் இடம் வரும்வரை முடியளவு முடியளவாகத் திருப்புவார். அப்போது யாரும் பேசக்கூடாது. பக்கத்து டீக்கடை ரேடியோவைக்கூடக் குறைக்கச் சொல்வார்.

பிறகு பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடிப்பார். இஞ்சி டீ நிறத்தில் இருந்தால் சரி. கரி அப்பியிருந்தால் பெட்ரோல் கூடுதல். சுண்ணாம்பாய் வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, அப்படியே ஓட்டினால் டூ ஸ்ட்ரோக் ஜாம் ஆகிவிடும், ஹைவேயில் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். இன்றைய எஃப்.ஐ. (ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) வண்டிகளில் பிளக் நிறம் அத்தனை தெளிவாகப் பேசாது. ஆக்ஸிஜன் சென்சார் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

கோடு சொல்லும் சேதி

தகரக் கொட்டகைக்குத் திரும்புவோம். திரையில் காட்டிய பதினான்கு, முழுசாகப் பயப்பட வேண்டிய எண் அல்ல என்று முதலில் சொன்னார் டைனோக்காரர். கம்பெனி சொல்வது கிராங்க்கில் அளந்தது. கியர், செயின், டயர் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் ரோட்டுக்குக் கொடுக்கும். நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை இந்தத் தரகு போவது சகஜம். 43.5 பி.எஸ். என்று தாளில் போட்டிருக்கும் கேடிஎம் ஆர்சி 390, சக்கரத்தில் 38 பக்கம் காட்டினால் அது ஆரோக்கியமான வண்டி. 'என் வண்டியில் ஐந்து குதிரையைக் காணோம்' என்று கம்பெனிமேல் பாயக்கூடாது.

இரண்டாவது, ஒரு டைனோவின் எண்ணை இன்னொரு டைனோவின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது. வாரை எவ்வளவு இறுக்கினார்கள், டயரில் காற்று எவ்வளவு, எந்த கியர், ஃபேன் போதுமா, எல்லாமே எண்ணை மாற்றும். வானிலையும் மாற்றும். 25 டிகிரி காற்றை விட மே மாதத்து 40 டிகிரிக் காற்று ஏறக்குறைய 5 சதவீதம் மெலிசு. ஊட்டிக்குப் போனால் இன்னும் மோசம். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும், வண்டியின் மூச்சும் அதே அளவுக்கு. எஃப்.ஐ. வண்டி அதற்கேற்ப பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும், இல்லாத காற்றை அது எங்கே போய்க் கொண்டுவரும்? பழைய கார்புரேட்டர் வண்டி அதையும் செய்யாமல் குன்னூர் வளைவுகளில் கருப்புப் புகை கக்கும். ஒரே நாளில், ஒரே டைனோவில், முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தால் மட்டுமே ஒப்பீட்டுக்கு அர்த்தம் உண்டு.

மூன்றாவதாக, எண்ணை விட்டுவிட்டுக் கோட்டைப் பார்க்கச் சொன்னார். நல்ல வண்டியின் கோடு மலையடிவாரம்போல மெல்ல ஏறும். என்னுடையது ஏறிக்கொண்டே வந்து 8,000-க்கு மேல் நெளிந்தது. அந்த இடத்தில் ஆர்.பி.எம். எகிறுகிறது, உருளையின் வேகம் எகிறவில்லை. "கிளட்ச் ஸ்லிப்" என்றார் ஒரே சொல்லில். கீழே கலவையைக் காட்டும் இன்னொரு கோடு, பதற்றமான மனிதனின் நாடித்துடிப்பு மாதிரி துள்ளிக்கொண்டிருந்தது. முழு த்ராட்டிலில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 13 பங்கு காற்று என்ற அளவைச் சுற்றி நிற்க வேண்டியது அது.

அதற்குப் பிறகுதான் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரத்தைச் சுண்டிக் காட்டினார்.

குற்றப்பத்திரிகை முழுக்க என்மேல்தான். போன மாதம் யூடியூப் பார்த்து நானே செயினை இறுக்கியிருந்தேன். ஸ்டாண்டில் நிற்கும்போது கச்சிதமாகத்தான் இருந்தது. ஆள் உட்கார்ந்து சஸ்பென்ஷன் அமுங்கினால் செயின் இன்னும் விறைக்கும் என்பதை அந்த வீடியோவில் நான் பார்த்த பகுதி சொல்லவில்லை. சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, செயின் எங்கே மிக விறைப்பாக இருக்கிறதோ அங்கே வைத்துத்தான் அளக்க வேண்டுமாம். மழைக்காலம் முடிந்தும் பிரேக் கேலிப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்யவில்லை. அதன் ஊசிகள் காய்ந்து, பேடு டிஸ்க்கை விடாமல் தடவிக்கொண்டே இருந்தது. கிளட்ச் கேபிளில் நூலளவு தளர்வுகூட இல்லை. கையே வைக்காமல் எப்போதும் லிவரைப் பாதி பிடித்த மாதிரி. ஏர் ஃபில்டரைத் தட்டினார், ஓ.எம்.ஆர். சாலையின் மெட்ரோ வேலைத் தூசி ஒரு கைப்பிடி விழுந்தது.

டாப்பெட்டின் வால்வு இடைவெளியையும் பார்த்தார். இன்ஜின் ஆறட்டும் என்று ஒன்றரை மணி நேரம் காக்க வைத்தார். சூட்டோடு அளந்தால் அளவு பொய். ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை நுழைத்து, இழுக்கும்போது விரலுக்குத் தெரியும் அந்த வழுக்கலை எனக்கும் காட்டினார், புதுப் புத்தகத்தின் இரண்டு தாளுக்கு நடுவிலிருந்து மூன்றாவதை உருவுகிற மாதிரி. எக்ஸாஸ்ட் பக்கம் தகடு நுழையவே இல்லை. சத்தம் போடுகிற டாப்பெட்டைக் கண்டுதான் நாம் பயப்படுகிறோம். இவர் பயப்படுவது சத்தமே போடாததற்கு. இறுக்கமாகிவிட்டால் வால்வு முழுசாக மூடாது, அழுத்தம் கசியும், நாளடைவில் வால்வின் விளிம்பே கருகும். வண்டி மட்டும் பூனை மாதிரி ஓடும்.

சிப் பற்றி ஞாபகப்படுத்தினேன். "நல்ல சைலன்சர், ஃபில்டர் மாத்தியிருந்தா அதுக்கேத்த மாதிரி மேப் எழுதணும், அப்ப வேணும். நீங்க எதையும் மாத்தலையே" என்றார். சைலன்சருக்குள் இருக்கும் தடுப்பைக் கழற்றிவிட்டால் பவர் கூடும் என்பது நம் ஊரின் நிரந்தர மூடநம்பிக்கைகளில் ஒன்று. கூடுவது சத்தம். பெரும்பாலும் நடு ஆர்.பி.எம். இழுவை குறையும், த்ராட்டிலை விடும்போது பட்பட்டென்று வெடிக்கும். டிராஃபிக் போலீஸிடம் மாட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன்படி 10,000 ரூபாய் வரை அபராதம். பத்தாயிரத்துக்கு நல்ல டயரே வாங்கலாம்.

நிஜமாகவே இழுவை வேண்டுமென்றால் மலிவான வழி, முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல்லைக் குறைப்பது. 14-ஐ 13 ஆக்கினால் சக்கரத்துக்கு 7 சதவீதத்துக்கு மேல் இழுவை கூடும். பதிலுக்கு உச்ச வேகத்தில் கொஞ்சம் போகும், ஹைவேயில் இன்ஜின் கூடுதலாகக் கத்தும். இன்ஜினைத் தொடவே வேண்டாம்.

மெதுவாகப் போகும்போது வண்டி தூக்கித் தூக்கிப் போடுகிறது என்ற புகார் இப்போது அதிகம் வருகிறதாம். பாரத் ஸ்டேஜ் 6 புகை விதிக்காகக் கீழ் ஆர்.பி.எம்.மில் கலவையை வற்றலாக வைத்திருக்கிறார்கள், ஒற்றை சிலிண்டர் வண்டி அதைப் பொறுத்துக்கொள்வதில்லை. அதோடு இப்போது பெட்ரோலிலேயே 20 சதவீதம் எத்தனால். எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால், வெறும் பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால் இதற்கு பதின்மூன்றரை போதும். எஃப்.ஐ. வண்டி சென்சாரைப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டிச் சமாளித்துக்கொள்ளும். பாவம், ஆர்எக்ஸ் வைத்திருப்பவர்கள்தான். அதே ஜெட், அதே ஊசி, கலவை மட்டும் வற்றிவிடுகிறது. டேப் ஒட்டி, பிளக் பார்த்து, ஜெட்டை ஒரு நம்பர் கூட்டும் அந்தப் பழைய வித்தைக்கு மறுபடி வேலை வந்திருக்கிறது.

தூக்கிப் போடும் எஃப்.ஐ. வண்டிக்கும் மேப் மாற்றுவதைக் கடைசியில்தான் வைக்கிறார் இவர். முதலில் செயின் தளர்வு. பிறகு த்ராட்டில் கேபிளில் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு த்ராட்டில் பாடியின் கரி. வருகிற வண்டிகளில் பெரும்பாலானவை அங்கேயே குணமாகி வீட்டுக்குப் போய்விடுகின்றனவாம்.

மாலை ஐந்தரைக்கு மறுபடி உருளை மேல் ஏற்றினார். காதில் பஞ்சு. நாலாவது கியர். கொட்டகைத் தகரம் அதிர, ஒரே மூச்சில் ரெட்லைன்வரை. திரையில் பதினைந்தரை. 8,000-க்கு மேல் இருந்த நெளிசல் போய், கோடு மழமழவென்று ஏறியிருந்தது. 6,000 பக்கம் மட்டும் சின்னதாக ஒரு குழி, அது அந்த வண்டிக்குப் பிறவிக்குணம் என்றார். ஏர் ஃபில்டர், கேபிள், டாப்பெட் கூலி, டைனோ இரண்டு ஓட்டம், எல்லாம் சேர்த்துச் சிப்பின் விலையில் பாதிகூட வரவில்லை. சக்கரத்தை மறுபடி சுண்டினேன், நானே. நாலு சுற்று சுற்றி, யோசித்து, நின்றது.

இரண்டு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டினேன். காலையில் பால் எடுக்க வந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"யாருக்குடா ஈ.சி.ஜி.?"

"வண்டிக்கும்மா."

விரலை வைத்துத் தேடினாள். சரியாக 6,000-ல் நிறுத்தினாள்.

"இங்க ஒரு எடத்துல எறங்குதே, டாக்டர் என்ன சொன்னாரு?"